மோப்பம் பிடிக்கும் குட்டி ட்ரோன்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூச்சியைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, வாசனையைத் தேடிப் பறக்கும் ட்ரோன்களைப் பற்றி எங்கே பேசினாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. எனக்குத் தெரிந்த பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பூச்சி மூக்கு வைத்த ட்ரோன் என்பது உண்மையா, கிராபிக்ஸ் வேலையா?

உண்மைதான். அமெரிக்காவில் சியாட்டில் நகரில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மெலனி ஆண்டர்சன் என்ற ஆய்வு மாணவி, சாயர் புல்லர், தாமஸ் டேனியல் முதலியோருடன் சேர்ந்து அதைச் செய்தார். 2020-ல் ஆய்வுக் கட்டுரை வந்தது. ட்ரோனுக்கு ஸ்மெல்லிகாப்டர் என்று பெயர் வைத்தார்கள்.

அடிப்படை ட்ரோன் அவர்கள் செய்தது இல்லை. கிரேஸிஃப்ளை என்ற ஸ்வீடன் நாட்டுத் தயாரிப்பு அது. உள்ளங்கையில் அடங்கிவிடும். எடை 27 கிராம், ஒரு நல்ல நெல்லிக்காய் அளவுதான். அதன் மேல் ஒரு சின்ன சர்க்யூட். அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு மெல்லிய கம்பிகளுக்கு நடுவே, வில் மாதிரி வளைந்து நிற்கிறது ஓர் அந்துப்பூச்சியின் உணர்கொம்பு. மெல்லியதாக, பழுப்பு நிறத்தில், அவ்வளவுதான். ட்ரோனின் மூக்கு அதுதான்.

வாசனை அதிகமாக வரும் பக்கம் போனால் போதாதா? இதில் என்ன கஷ்டம்?

எல்லோரும் முதலில் இப்படித்தான் நினைக்கிறோம், நானும் நினைத்தேன். விளக்கை நெருங்க நெருங்க வெளிச்சம் கூடுவதுபோல, வாசனையும் கிட்டே போகப் போகப் படிப்படியாகக் கூடும் என்று மனதில் ஒரு படம் இருக்கிறது. அந்தப் படம் தப்பு.

ராத்திரி அறை விளக்கை அணைத்துவிட்டு ஓர் ஊதுபத்தி கொளுத்துங்கள். பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் புகையைப் பாருங்கள். முதல் ஒரு ஜாண் தூரம் புகை நேராக, நூல் பிடித்த மாதிரி ஏறும். அப்புறம் லேசாக நெளியும். அதற்கு மேல் சுருள் சுருளாகப் பிரியும். இப்போது மின்விசிறியை மெதுவாக ஓடவிடுங்கள். சுருள் கிழிந்து இழை இழையாகத் தனித்தனியே மிதக்கும். ஓர் இழைக்கும் அடுத்த இழைக்கும் நடுவில் புகையே இல்லாத சுத்தமான காற்று. இரண்டு மீட்டர் தள்ளி ஒரு மூக்கு இருந்தால், அதற்கு ஒரு இழை வந்து மோதும், அப்புறம் சில விநாடிக்கு ஒன்றுமே இருக்காது, திடீரென்று இன்னோர் இழை மோதும். தூரத்தில் இருக்கும்போதும் அடர்த்தியான இழை ஒன்று வந்து மோதலாம். ஊதுபத்திக்கு ஒரு முழம் பக்கத்தில் இருந்தும், காற்றின் பாதையிலிருந்து கொஞ்சம் விலகியிருந்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம்.

பூக்காரம்மா கூடையோடு தெருவில் போகும்போது மல்லிகை வாசனை வந்து வந்து போவதும் இதனால்தான். ஆக, "கூடுகிறதா, குறைகிறதா" என்று பார்த்துக்கொண்டே நடக்கும் இயந்திரம் காற்றடிக்கும் இடத்தில் சீக்கிரமே வழிதவறும்.

அப்படியானால் அந்துப்பூச்சி எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வாசனை "இருக்கிறது" என்ற செய்தியை மட்டும் மூக்கிலிருந்து எடுத்துக்கொள்கிறது. எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைக் காற்றிடம் கேட்கிறது. வாசனை மோதியதா, உடனே காற்றை எதிர்த்து முன்னே பாய்கிறது. வாசனை விட்டுப்போனதா, முன்னே போவதை நிறுத்திவிட்டு, காற்றுக்குக் குறுக்கே இடமும் வலமுமாக வீசிப் பறந்து தேடுகிறது. மறுபடி ஓர் இழை கிடைத்ததும் மறுபடி பாய்ச்சல். வாசனையைச் சுமந்து வந்தது காற்றுதானே, அதனால் காற்று வரும் பக்கத்தில்தான் அதன் பிறப்பிடம் இருக்க வேண்டும். எனக்கு இந்தத் துறையில் ரொம்பப் பிடித்த விஷயம் இந்த எளிமைதான். வரைபடம் வேண்டாம், பெரிய கணக்கு வேண்டாம், இரண்டே இரண்டு அசைவு போதும்.

பூச்சிகளின் இந்தத் திறமை மனிதர்களுக்குத் தெரிந்து நாளாகிவிட்டது. 19-ம் நூற்றாண்டில் தெற்கு பிரான்சில் வாழ்ந்த ஜான் ஹென்றி ஃபாப்ர், வீட்டில் ஒரு பெண் அந்துப்பூச்சியைக் கம்பிவலைக் கூண்டில் வைத்திருந்தார். அன்று இரவே ஜன்னல் வழியாகச் சுமார் 40 ஆண் பூச்சிகள் வந்துவிட்டன. அறை முழுக்க நாப்தலின் வாடையை நிரப்பியும் பார்த்தார். அப்போதும் ஆண்கள் சரியாகக் கூண்டுக்கே வந்தன. இவ்வளவு கடுமையான வாடையையும் மீறி வருகின்றனவே, இது வாசனையாக இருக்குமா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

வாசனைதான். ஆண் பூச்சியின் உணர்கொம்பில் இருக்கும் சிறு மயிர்களில் பெரும்பங்கு, பெண் வெளியிடும் அந்த ஒரு பொருளுக்காகவே இருக்கிறது. நாப்தலின் அதன் கணக்கிலேயே வராது. அப்படிப்பட்ட பொருள் ஒன்றை முதன்முதலில் பிரித்தெடுத்தவர் ஜெர்மனியின் அடால்ஃப் புடெனான்ட். சுமார் 20 ஆண்டு உழைத்து, ஏறத்தாழ ஐந்து லட்சம் பட்டுப்பூச்சிகளிலிருந்து எடுத்தது சில மில்லிகிராம்தான். 1959-ல் அதற்கு பாம்பிகால் என்று பெயரிட்டார். நம் ஊர் வயல்களில் மாட்டும் இனக்கவர்ச்சிப் பொறிக்குள் இருக்கும் சின்ன ரப்பர் குப்பியும் இந்த வழியில் வந்ததுதான்.

உடம்பிலிருந்து வெட்டி எடுத்த உணர்கொம்பு எப்படி வேலை செய்யும்?

கொஞ்ச நேரத்துக்குச் செய்யும், அதுவே போதுமானது. உணர்கொம்பிலுள்ள மயிர்களில் நுண்துளைகள் இருக்கின்றன. வாசனை மூலக்கூறு அதன் வழியே உள்ளே போய் நரம்புச் செல்லில் ஒட்டியதும் மின் துடிப்பு உண்டாகிறது. ஆண் பட்டுப்பூச்சியின் ஒவ்வொரு உணர்கொம்பிலும் பாம்பிகாலுக்கென்றே இப்படிச் சுமார் 17,000 மயிர்கள் உண்டு. உணர்கொம்பின் இரு முனையிலும் கம்பி செருகினால் எல்லாச் செல்களும் சேர்ந்து எழுப்பும் மின் அழுத்தத்தை அளக்கலாம். மிகச் சிறிய அளவு, ஒரு மில்லிவோல்ட்டையொட்டி இருக்கும். அதைப் பெருக்கி ட்ரோனின் கணினிக்குக் கொடுக்கிறார்கள். இந்த அளவீடு புதியதும் இல்லை. ஜெர்மனியில் டீட்ரிச் ஷ்னைடர் 1957-லேயே பட்டுப்பூச்சியின் உணர்கொம்பில் இதைச் செய்துவிட்டார். மேஜைமேல் இருந்த அந்தக் கருவி பறக்கும் அளவுக்குச் சுருங்க அறுபது ஆண்டுக்கு மேல் ஆனது.

ஸ்மெல்லிகாப்டரில் இருப்பது பட்டுப்பூச்சி இல்லை. புகையிலைச் செடியைத் தின்னும் கொம்புப்புழுவின் தாய்ப்பூச்சி, மண்டூகா செக்ஸ்டா. அமெரிக்க ஆய்வகங்களில் ரொம்ப காலமாக வளர்க்கப்படும் பெரிய அந்துப்பூச்சி. எடுத்த உணர்கொம்பு நாலு மணி நேரம் வரை உயிர்ப்போடு இருக்கும். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் இன்னும் கொஞ்சம் தாங்கும்.

கடையில் கிடைக்கும் கேஸ் சென்சாரையே வைத்துவிடலாமே?

வைக்கலாம், நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள். சிக்கல் வேகத்தில்தான்.

எம்க்யூ-3 என்ற ஆல்கஹால் சென்சாரை வைத்து நான் வீட்டு மேஜையில் பார்த்ததைச் சொல்கிறேன். கம்பிவலைத் தொப்பி போட்ட சின்ன உருளை அது. கரண்ட் கொடுத்தால் உள்ளே இருக்கும் சூடேற்றி வேலை செய்யத் தொடங்கும், கொஞ்ச நேரத்தில் தொட்டால் கதகதவென்று இருக்கும். எண்கள் ஒரு நிலைக்கு வரவே பல நிமிடம் காத்திருக்க வேண்டும். ஸ்பிரிட் தோய்த்த பஞ்சைக் காட்டினால் எண் சட்டென்று ஏறுகிறது. பஞ்சை எடுத்து மூடிபோட்ட டப்பாவுக்குள் வைத்துவிட்டேன். எண் இறங்கவே மாட்டேன் என்கிறது. மெல்ல மெல்ல, படி இறங்கும் பெரியவர் மாதிரி இறங்குகிறது. அது கீழே வருவதற்குள் இன்னொரு முறை பஞ்சைக் காட்டினால், இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

இழை, இடைவெளி, இழை என்று வரும் செய்தியை இந்தச் சென்சார் ஒரே நீண்ட மேடாகக் காட்டிவிடும். பூச்சிக்குத் தேவையானது அந்த இடைவெளிதான். "விட்டுப்போச்சு" என்று தெரிந்தால்தானே வீசித் தேட முடியும்? வாஷிங்டன் குழுவும் சாதாரணச் சென்சாரையும் உணர்கொம்பையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். உணர்கொம்புதான் வேகமாகப் பதில் சொன்னது, அடுத்த வீச்சுக்கு வேகமாகத் தயாரும் ஆனது.

ஆனாலும் மின்னணு மூக்கு இதே இடத்தில் நின்றுவிடாது. 2024-ல் நிக் டென்லர், மைக்கேல் ஷ்முக்கர் குழுவினர், சென்சாரின் சூட்டை வேகமாக ஏற்றி இறக்கி, சில பத்து மில்லி விநாடிகளே நீடிக்கும் வாசனை வீச்சுகளையும் பிரித்தறியும் சின்ன மின்னணு மூக்கைக் காட்டினார்கள். பூச்சியின் வேகத்தை நோக்கி இயந்திரம் வருகிறது. எனக்கு இது பெரிய செய்தி.

காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ட்ரோனுக்கு எப்படித் தெரியும்?

இதற்கு அவர்கள் கண்ட வழி அழகானது. ட்ரோனின் பின்பக்கம் இரண்டு பிளாஸ்டிக் துடுப்புகளை ஒட்டினார்கள். கோபுரத்து உச்சியில் திசைகாட்டும் சேவல் காற்றுக்கு முகம் காட்டித் திரும்புவதுபோல, ட்ரோன் தானாகவே காற்று வரும் பக்கம் முகம் திருப்பிக்கொள்கிறது. காற்றை அளக்கத் தனிச் சென்சார் தேவையில்லை, மின்சாரச் செலவும் இல்லை.

ஜி.பி.எஸ். கிடையாது. கீழ்நோக்கிய ஒரு கேமரா, தரை நகர்வதைப் பார்த்துத் தன் நகர்வைக் கணக்கிடுகிறது. நாலு பக்கமும் அகச்சிவப்புச் சென்சார்கள் விநாடிக்குப் பத்து முறை சுற்றிலும் பார்க்கின்றன. சுமார் 20 சென்டிமீட்டருக்குள் ஏதாவது வந்தால், இடப்பக்கம் வீசிக்கொண்டிருந்த ட்ரோன் வலப்பக்கம் திரும்பிவிடும். அதனால் கட்டடத்துக்குள்ளும் சுரங்கத்துக்குள்ளும் போகலாம் என்கிறார்கள்.

விசிறிக் காற்றே வாசனையைக் கலைத்துவிடாதா?

கலைக்கும். இந்தத் துறையின் நிஜமான தலைவலி இதுதான். நாலு விசிறியும் மேலிருந்து காற்றை இழுத்துக் கீழே தள்ளுகின்றன. மூக்கை எங்கே வைப்பது என்பது சாதாரணக் கேள்வி இல்லை. கீழே வைத்தால், சுற்றிலுமிருந்து இழுத்துக் கலக்கிய காற்றையே அது முகரும். ஆகவேதான் முன்னே நீட்டி வைக்கிறார்கள், சிலர் கூடு போட்டு மூடுகிறார்கள்.

இதில் பட்டுப்பூச்சியைப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. வளர்ப்புப் பட்டுப்பூச்சியால் பறக்க முடியாது. ஆனாலும் பெண்ணின் வாசனை பட்டதும் ஆண் இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொள்ளும். அந்த அடிப்பு முன்பக்கத்துக் காற்றை உணர்கொம்பின் மேல் இழுத்துவிடுகிறது. நாம் மூக்கை உறிஞ்சி மோப்பம் பார்ப்பதைப் போலத்தான் அது. சரியான இடத்தில் மூக்கை வைத்தால் விசிறிக் காற்றும் உதவிதான்.

ஜப்பானியர்கள் செய்தது வேறா?

வேறு, ஆனால் அதே குடும்பம். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கன்சாகி ரியோஹெய் பட்டுப்பூச்சியை வைத்துப் பல ஆண்டு வேலை செய்தவர். 2013-ல் அவர் குழு ஒரு ஆண் பட்டுப்பூச்சியையே சின்ன வண்டிக்கு ஓட்டுநராக்கியது. பூச்சி ஒரு பந்தின் மேல் நடக்கும், பந்து உருள உருள வண்டி நகரும். வாசனை இருந்த இடத்துக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தது அது!

பிறகு தெருத்சுகி டைகோவும் கன்சாகியும் மற்றவர்களும் பட்டுப்பூச்சியின் உணர்கொம்பைச் சிறு ட்ரோனில் பொருத்தினார்கள், அது 2021-ல் வெளிவந்தது. ட்ரோன் நின்ற இடத்தில் சுழன்று, எந்தப் பக்கம் பார்க்கும்போது சமிக்ஞை பலமாக இருக்கிறது என்று பார்த்துத் திசையை முடிவு செய்கிறது. ஷின்ஷு பல்கலைக்கழகத்தில் தெருத்சுகி குழு இதை இன்னும் மேம்படுத்தி 2025-ல் வெளியிட்டது. ஒரே மூச்சாகச் சுழலாமல், கொஞ்சம் திரும்பி, நின்று முகர்ந்து, மறுபடி திரும்பும் முறை. பூச்சிகளும் தேடும்போது இடையிடையே நிற்கின்றன, அதிலிருந்து வந்த யோசனை. முன்பு இரண்டு மீட்டருக்குள் இருந்த தேடும் தூரம் ஐந்து மீட்டருக்குப் போனது.

வெறும் ஐந்து மீட்டரா?

ஆமாம். இதற்கு ஏமாற்றப்பட வேண்டியதில்லை. பொருளின் அளவு, காற்று, இடம் எல்லாம் சேர்ந்துதான் தூரத்தை முடிவு செய்கின்றன. இந்தச் சோதனைகள் பெரும்பாலும் விசிறியால் சீராகக் காற்றை ஓட்டும் காற்றுச் சுரங்கத்திலும் மூடிய அறையிலும் நடந்தவை. திறந்தவெளியில் காற்று நிமிடத்துக்கு நிமிடம் திசை மாறும், அது வேறு பரீட்சை. பேட்டரியும் ஒரு தடை. சாதாரண கிரேஸிஃப்ளை ஏழு நிமிடம்தான் பறக்கும்.

பூச்சிக்கு வலிக்காதா?

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. உணர்கொம்பை எடுக்கும் முன் பூச்சியைக் குளிரில் வைத்து மயக்கிவிடுகிறார்கள். பூச்சிகளுக்கு வலி என்ற அனுபவம் உண்டா என்பதில் அறிவியலாளர்களிடையே இன்னும் விவாதம் நடக்கிறது. ஒரு பட்டுச் சேலைக்கு ஆயிரக்கணக்கான கூடுகளை உள்ளே இருக்கும் உயிரோடு அவிக்கிறோம் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இடிபாட்டில் சிக்கிய ஒருவரைக் கண்டுபிடிக்க உதவுமானால் ஓர் உணர்கொம்பு எடுப்பதை நான் ஏற்றுக்கொள்வேன். விளையாட்டுக்காக எடுப்பதை ஏற்க மாட்டேன். வகுப்பறைச் செயல்முறைக்கு மின்னணுச் சென்சாரே போதும்.

பூச்சி உறுப்பே இல்லாமல், பூச்சியின் தந்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் உண்டா?

உண்டு. நெதர்லாந்தில் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பார்ட் டைஸ்டர்ஹாஃப், கீடோ டி க்ரூன் முதலியோர் 2021-ல் செய்த ஸ்னிஃபி பக். அதுவும் கிரேஸிஃப்ளைதான், சாதாரண கேஸ் சென்சார்தான். ஆனால் தனியாகப் போகாமல் கூட்டமாகப் போகின்றன. ஒன்றுக்கொன்று எங்கே அதிகம் கிடைத்தது என்று சொல்லிக்கொண்டு, தடைகளைச் சுற்றிக்கொண்டு தேடுகின்றன. ஒரு மூக்கின் மந்தத்தை மூன்று மூக்கு சேர்ந்து ஈடுகட்டுகிறது.

எந்த வாசனையை வேண்டுமானாலும் கண்டுபிடிக்குமா?

இப்போதைக்கு இல்லை. ஓர் உணர்கொம்பு தன் பூச்சிக்குத் தேவையானதை முகரும். மண்டூகாவுக்குப் பூ வாசனை, பட்டுப்பூச்சி ஆணுக்குப் பாம்பிகால். வேறு பொருள் வேண்டுமென்றால் இரண்டு வழி. ஒன்று, பூச்சியின் மரபணுவில் கை வைப்பது. ஜப்பானில் முட்டைக்கோஸைத் தின்னும் வைரமுதுகு அந்துப்பூச்சியின் வாசனை ஏற்பியைப் பட்டுப்பூச்சிக்குள் புகுத்தினார்கள், அது வேறு இனப் பெண்ணைத் தேடிப் போக ஆரம்பித்துவிட்டது. இன்னொன்று, பல வாசனைக்கும் ஈடுகொடுக்கும் பூச்சியை எடுத்து, சமிக்ஞையின் வடிவத்தைக் கணினிக்குப் பழக்குவது. டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் பாலைவன வெட்டுக்கிளியின் உணர்கொம்பை ஒரு தரை ரோபோவில் வைத்து எட்டு வாசனைகளைப் பிரித்துக் காட்டியது அப்படித்தான்.

மோப்ப நாய்க்கு வேலை போய்விடுமா?

போகாது. நாய் மோப்பம் மட்டும் பிடிப்பதில்லை, சூழலைப் புரிந்துகொள்கிறது, தன் ஆளிடம் சொல்கிறது. நாயால் நுழைய முடியாத சந்துக்கும், நாயை அனுப்ப மனம் வராத விஷக்காற்றுக்கும்தான் ட்ரோன். வெடிமருந்து விஷயத்தில் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் (மேலே சொன்ன சியாட்டில் பல்கலைக்கழகம் வேறு, இது வேறு) பரணிதரன் ராமன் குழு 2020-ல் வெட்டுக்கிளியின் மூளைச் சமிக்ஞையையே படித்துக் காட்டியது. ஒரே பூச்சியை நம்பினால் தடுமாற்றம், ஏழு பூச்சிகளின் சமிக்ஞையைச் சேர்த்தால் துல்லியம் கூடியது.

களத்தில் இப்போது பயன்படுகிறதா?

உணர்கொம்பு ட்ரோன்கள் ஆய்வகத்தைத் தாண்டவில்லை. குழாய்ப் பாதைகளில் மீத்தேன் கசிவு பார்க்கும் ட்ரோன்கள் உண்டு, ஆனால் அவை முகர்வதில்லை. லேசர் ஒளியை அனுப்பி, வாயு எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்க்கின்றன. மீத்தேனுக்கு அது நல்ல வழி. சமையல் கேஸில் வாடைக்காகச் சேர்க்கும் மெர்காப்டன் மாதிரி, காற்றில் துளியூண்டு இருக்கும் பொருள்களைத் தேடும்போதுதான் மூக்கு வேண்டியிருக்கிறது.

வீட்டில் மாணவர்கள் எங்கிருந்து தொடங்கலாம்?

ட்ரோனில் தொடங்க வேண்டாம். இரண்டு சக்கர ரோபோ ஒன்று, எம்க்யூ-3 ஒன்று, மேஜை விசிறி ஒன்று, ஸ்பிரிட் பஞ்சு கொஞ்சம். நெருப்பு பக்கத்தில் வேண்டாம், ஜன்னல் திறந்திருக்கட்டும். ரோபோவின் தலையில் தடையில்லாமல் சுழலும் ஒரு பிளாஸ்டிக் துடுப்பை வைத்துக் காற்றுத் திசையைப் படிக்கச் செய்யுங்கள். நிரல் சின்னதுதான்: வாசனை இருந்தால் காற்றை எதிர்த்து முன்னே போ, இல்லையென்றால் இடம், வலம் என்று வீசித் தேடு.

ரோபோவை ஓட்டும் முன் ஒன்று செய்துவிடுங்கள். பஞ்சைக் காட்டி, எடுத்து, எண் பழைய நிலைக்கு இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரம் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ரோபோ எவ்வளவு மெதுவாகப் போக வேண்டும் என்பதை அந்த எண் சொல்லும்.